சத்துக் கணக்குக்கு ஒரு ஏஐ டூல்: எண்ணைத் தேடுவது சுலபம், உணவைத் தேடுவதுதான் பாடு

கேள்வி இது: "உணவில் உள்ள சத்து விவரங்களை ஏஐ ஏஜென்ட் தானே தேடி எடுத்துக்கொள்ள ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ மாடல் வெளி டூல்களையும் தரவையும் கூப்பிட வழி செய்யும் புரோகிராம்) எழுதலாம் என்று இருக்கிறேன். அமெரிக்க விவசாயத் துறையின் ஏபிஐ (புரோகிராம் மூலம் தரவைக் கேட்டு வாங்கும் வழி) இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு ஃபங்ஷன் எழுதினால் வேலை முடிந்துவிடும் போலத் தெரிகிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்? மாடலுக்கே இதெல்லாம் தெரியுமே, தனியாக டூல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள்."

கேழ்வரகிலிருந்து தொடங்குகிறேன். ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் எவ்வளவு கால்சியம் என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். ஏஜென்ட் கேழ்வரகை 'மில்லட்' என்று மாற்றிக்கொண்டு உங்கள் டூலைக் கூப்பிடுகிறது. அமெரிக்கத் தரவில் 'மில்லட், ரா' என்று அச்சுப் பிசகாமல் ஒரு பதிவு இருக்கிறது. நூறு கிராமுக்குக் கால்சியம் 8 மில்லிகிராம். ஏஜென்ட் பாதியாக்கி, "4 மில்லிகிராம், ஆதாரம் அமெரிக்க விவசாயத் துறை" என்று பதில் சொல்கிறது. ஆனால் அந்தப் பதிவு பனிவரகு. நம் கேழ்வரகுக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை தரும் அளவு நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம். அதாவது ஐம்பது கிராமுக்கு 182. நாற்பத்தைந்து மடங்கு வித்தியாசம்.

இதில் எங்கேயும் எரர் வரவில்லை. ஏபிஐ ஒழுங்காகப் பதில் தந்தது, உங்கள் ஃபங்ஷன் ஒழுங்காக ஓடியது, பெருக்கலும் சரி. தப்பு நடந்தது உணவைத் தேர்ந்தெடுத்த இடத்தில். இந்த டூலில் கஷ்டமான வேலை அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இரண்டு ஃபங்ஷன்தான், நீங்கள் சொன்னது சரி.

முதலில் உங்கள் நண்பர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாடலுக்கு இந்த எண்கள் ஓரளவு தெரியும். வேகவைத்த வெள்ளை அரிசிச் சாதம் நூறு கிராமுக்கு 130 கலோரி என்று நிறைய மாடல்கள் சரியாகவே சொல்லும். ஆனால் அது நினைவிலிருந்து வருவது. எந்த அரிசி, எந்த அட்டவணை, எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்டால் காட்ட அதனிடம் ஒன்றும் இருக்காது. அரிசியிலிருந்து சுண்டைக்காய், பண்ணைக்கீரை என்று கொஞ்சம் நகர்ந்தால், தெரியாத இடத்திலும் பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை வைத்துவிடும். ஆகவே டூல் தேவைதான். அது தர வேண்டியது எண்ணை மட்டும் இல்லை. அந்த எண் எந்த உணவுக்கு உரியது, பச்சையா வெந்ததா, எத்தனை கிராமுக்கு, எங்கிருந்து வந்தது என்ற விலாசத்தையும் சேர்த்துத் தர வேண்டும்.

சரி, தரவுக்கு வருவோம். அமெரிக்க விவசாயத் துறையின் தரவு இருக்கும் இடம் ஃபுட்டேட்டா சென்ட்ரல், 2019-இல் தொடங்கியது. அதை ஒரே டேட்டாபேஸ் என்று நினைத்துக்கொண்டு எழுதுவதில்தான் முதல் சிக்கல் வருகிறது. உள்ளே தனித்தனிக் குணமுள்ள தொகுப்புகள் இருக்கின்றன. 'எஸ்ஆர் லெகசி' பழைய, பெரிய, நம்பகமான அட்டவணை. சுமார் 7,800 உணவுகள். 2018-க்குப் பிறகு அதை மாற்றுவதில்லை. 'ஃபவுண்டேஷன் ஃபுட்ஸ்' புதிதாக ஆய்வகத்தில் அளந்தது. உணவுகள் குறைவு, ஆனால் எத்தனை மாதிரி எடுத்தார்கள், குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்பது வரை விவரம் இருக்கும். 'எஃப்என்டிடிஎஸ்' அமெரிக்கர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கெடுப்புக்காகச் செய்தது, சமைத்த பண்டங்கள் இதில் நிறைய. 'பிராண்டட்' என்பது கம்பெனிகள் பாக்கெட்டில் அச்சடித்த லேபிள் விவரம், பல லட்சம் பதிவுகள்.

தேடும்போது தொகுப்பைக் குறிப்பிடாமல் விட்டால் பிராண்டட் பதிவுகள் வெள்ளமாக வந்து மற்றதை மூழ்கடித்துவிடும். 'பாதாம்' என்று தேடினால் பாதாம் பருப்புக்கு முன்னால் பாதாம் பிஸ்கட்டும் பாதாம் பாலும் வந்து நிற்கும். அதனால் இயல்பாக ஃபவுண்டேஷனையும் எஸ்ஆர் லெகசியையும் மட்டும் தேட வையுங்கள். பாக்கெட் பொருள் என்று தெரிந்தால் மட்டும் பிராண்டடைத் திறக்கலாம்.

அடுத்தது பெயர்கள். இதில்தான் நம் ஊர் ஆட்களுக்கு அதிக வேலை. எஸ்ஆர் லெகசியில் 'முங்கோ பீன்ஸ்' என்று ஒன்று உண்டு, 'முங் பீன்ஸ்' என்று இன்னொன்று உண்டு. முன்னது உளுந்து, பின்னது பச்சைப்பயறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். எழுத்துப் பிழையைத் தானே திருத்தும் தேடலை வைத்தீர்கள் என்றால் உளுந்தைப் பயறாக்கிவிடும். 'ட்ரம்ஸ்டிக்' என்று தேடினால் கோழிக்காலும் வரும், முருங்கைக்காயும் வரும். நாம் தயிர் என்ற பொருளில் 'கர்ட்' என்போம். அங்கே அது பாலாடைக்கட்டிக்கும் சோயா பனீருக்கும் போகும் சொல், தயிருக்கு யோகர்ட் என்றுதான் தேட வேண்டும். பாகற்காய் 'பால்சம் பேர்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. நுரைப்பீர்க்கங்காய் 'டிஷ்க்ளாத் கோர்ட்', அதாவது பாத்திரம் துலக்கும் சுரைக்காய். துவரை 'பிஜன் பீஸ்'.

இதற்கு நான் கண்ட ஒரே உருப்படியான வழி தாவரவியல் பெயரை நடுவில் வைப்பதுதான். உளுந்து என்றால் விக்னா முங்கோ, கேழ்வரகு என்றால் எலுசின் கொரகானா. ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: தமிழ்ப் பெயர்கள், வட்டாரப் பெயர்கள், தாவரவியல் பெயர், ஒவ்வொரு தரவுத்தொகுப்பிலும் அதன் அடையாள எண். கேழ்வரகு, கேப்பை, ராகி மூன்றும் ஒரே வரிசையில் வந்து சேர வேண்டும். நம் வீடுகளில் புழங்கும் மளிகையும் காய்கறியும் கீரையும் முந்நூறைத் தாண்டுவது கடினம். பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியும். மாடலை வைத்துத் தானாக நிரப்பலாமே என்று தோன்றும். நிரப்புங்கள், ஆனால் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள். மேலே சொன்ன முங், முங்கோ குழப்பத்தை மாடலும் செய்யும்.

இனி எண்கள். 'எனர்ஜி' என்ற பெயரில் ஒரே உணவுக்கு இரண்டு வரிகள் வரும். ஒன்று 1008 என்ற எண்ணில், கிலோகலோரியில். இன்னொன்று 1062, கிலோஜூலில். பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் எது கையில் சிக்கும் என்பது வரிசையைப் பொறுத்தது. ஒரு கலோரி 4.184 ஜூல் என்பதால் தப்பு நான்கு மடங்காகப் போகும். அதனால் பெயரை நம்பாமல் எண்ணைப் பிடியுங்கள்: புரதம் 1003, கொழுப்பு 1004, மாவுச்சத்து 1005, கால்சியம் 1087, இரும்பு 1089, சோடியம் 1093. ஃபவுண்டேஷன் உணவுகள் பலவற்றில் 1008 இருக்கவே இருக்காது. அதற்குப் பதிலாக 2047, 2048 என்று இரண்டு இருக்கும். இரண்டும் கலோரிதான். முன்னது புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 என்ற பொதுக் கணக்கு. பின்னது ஒவ்வொரு உணவுக்கும் தனிக் கணக்கு. இந்த முறைக்கு வழி போட்டவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர். அந்த நாட்டின் முதல் உணவுச் சத்து அட்டவணையை 1896-இல் வெளியிட்டவரும் அவர்தான். டூல் இந்த மூன்றில் எதை எடுத்தது என்று பதிலில் சொல்ல வேண்டும்.

மாவுச்சத்தில் இன்னும் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. அமெரிக்கத் தரவில் அதை நேரடியாக அளப்பதில்லை. நூறிலிருந்து நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்த பிறகு மிஞ்சும் தாதுக்கள்) எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் மாவுச்சத்து. அதனால் நார்ச்சத்தும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இந்திய அட்டவணையில் நாரையும் கழித்துவிடுகிறார்கள். தீட்டிய பச்சரிசிக்கு அதில் மாவுச்சத்து 78.24 கிராம், நார் 2.81 கிராம் என்று தனித்தனியாக இருக்கும். நீரிழிவுக்காரர் ஒருவர் அந்த 78.24-இலிருந்து நாரை மறுபடி கழித்தால் இரட்டைக் கழித்தல் ஆகிவிடும். அதே அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில்தான் இருக்கிறது. அரிசிக்கு 1491, அதாவது 356 கலோரி. இரண்டு தரவையும் ஒரே டூலில் சேர்ப்பதாக இருந்தால் முதல் வேலை இவற்றை ஒரே அலகுக்கும் ஒரே விளக்கத்துக்கும் கொண்டுவருவது.

அரிசியிலேயே இன்னொன்று. அமெரிக்காவில் வெள்ளை அரிசி பெரும்பாலும் சத்துச் சேர்த்து விற்கப்படுவது. அங்கே 'என்ரிச்டு' என்று போட்ட நீளப் பச்சரிசியில் நூறு கிராமுக்கு இரும்பு 4.31 மில்லிகிராம். 'அன்என்ரிச்டு' என்று போட்டதில் 0.80. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு ஒரு நாள் சாப்பாட்டில் எவ்வளவு இரும்பு கிடைக்கிறது என்று கூட்டும்போது இந்த ஒரு சொல் கணக்கையே புரட்டிவிடும். சந்தையில் மூட்டை அரிசி வாங்குகிறவருக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும்.

இப்போது என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத விஷயம். என் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, பொட்டாசியம் பார்த்துச் சாப்பிட வேண்டிய நிலை. அவருக்காகத்தான் நான் முதன்முதலில் இப்படி ஒரு டூல் எழுதினேன். போனில் கேட்டால் ஏஜென்ட் பதில் சொல்லும். ஒரு நாள் பாக்கெட்டில் அடைத்த இளநீரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பொட்டாசியம் பூஜ்யம், தாராளமாகக் குடிக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. நல்ல வேளையாக, "இளநீர் வேண்டாம்னு டாக்டர் சொன்னாரே" என்று சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்டார். உண்மையில் இளநீரில் நூறு கிராமுக்குச் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அவர் வைத்திருந்த பாக்கெட் ஒன்றில் அவர் நாள் கணக்கில் பெரும்பங்கு போயிருக்கும்.

நடந்தது இதுதான். ஏஜென்ட் ஒரு பிராண்டட் பதிவை எடுத்திருக்கிறது. அமெரிக்க லேபிளில் பொட்டாசியம் கட்டாயம் என்ற விதியே 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதற்கு முந்திய லேபிள்கள் பலவற்றில் அந்த வரியே இருக்காது. அந்தப் பதிவிலும் இல்லை. நான் கோடில், மதிப்பு இல்லையென்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என எழுதியிருந்தேன். கூட்டும்போது எரர் வராமல் இருக்கட்டும் என்று எல்லாரும் எழுதுகிற ஒரு வரி. அளக்காததையும் இல்லாததையும் அந்த ஒரு வரி ஒன்றாக்கிவிட்டது.

ஆகவே டூல் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: அளந்து பூஜ்யம் வந்தது, அளக்கவில்லை அல்லது தரவில்லை, லேபிளில் பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. மூன்றாவதும் தனி என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் (சர்விங்) 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் 0 என்று அச்சிடலாம். அரை கிராமுக்குக் குறைந்த கொழுப்பையும் 0 என்று போடலாம். தெளித்துச் சமைக்கும் எண்ணெய் டப்பாக்களில் ஒரு பரிமாறல் என்பது கால் கிராம் அளவு. அதனால் லேபிளில் கலோரி 0, கொழுப்பு 0. அதை நூறு கிராமுக்குப் பெருக்கினாலும் 0தான். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் எண்ணெய். பல உணவுகளைக் கூட்டும்போது ஏதாவது ஒன்றில் அளவு இல்லையென்றால், மொத்தத்தோடு "குறைந்தது இவ்வளவு, இன்னின்ன பொருளுக்கு விவரம் இல்லை" என்றும் டூல் சொல்ல வேண்டும்.

டூலின் வடிவத்துக்கு வருகிறேன். எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை. அடியில் ஓடுவது ஜேசன் ஆர்பிசி என்ற செய்திப் பரிமாற்ற முறை. சர்வர் தன்னிடம் என்னென்ன டூல் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தரும். மாடல் அந்த விளக்கங்களைப் படித்துத் தேவையானதைக் கூப்பிடும். ஆகவே நீங்கள் எழுதும் விளக்கம் மனிதருக்கான டாக்குமென்டேஷன் மட்டுமில்லை, மாடல் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. "உணவைத் தேடும்" என்று ஒரு வரியோடு விடாதீர்கள். "பச்சையா வெந்ததா என்று தெரியாவிட்டால் பயனரிடம் கேள். ஒன்றுக்கு மேற்பட்ட உணவு பொருந்தினால் நீயாகத் தேர்ந்தெடுக்காதே" என்று அங்கேயே எழுதுங்கள்.

நான் வைத்திருப்பது மூன்று டூல். முதலாவது தேடும். சத்து எண் எதையும் தராது, ஐந்தாறு பெயர்களை மட்டும் தரும், ஒவ்வொன்றுக்கும் தாவரவியல் பெயர், பச்சையா வெந்ததா, எந்தத் தொகுப்பு என்ற விவரத்தோடு. தேடலிலேயே எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் மாடல் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லக் கிளம்பிவிடுகிறது, இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, அடையாள எண்ணும் கிராமும் கொடுத்தால் கேட்ட சத்துகளை மட்டும் கணக்கிட்டுத் தரும். பெருக்கலை மாடலிடம் விடாதீர்கள். ஏபிஐ தரும் முழு ஜேசனையும் அப்படியே அனுப்பவும் வேண்டாம். ஓர் உணவுக்கு நூறு சத்துக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் எப்படி அளந்தார்கள் என்ற விவரம் அடுக்கடுக்காக வரும். நான்கு உணவு கேட்டாலே மாடலின் கான்டெக்ஸ்ட் (அது ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவு) நிரம்பிவிடும். மூன்றாவது, ஒரு சமையல் குறிப்பை மொத்தமாகக் கணக்கிடுவது.

இந்த மூன்றாவதில் அவசரப்படாதீர்கள். அமெரிக்கத் தரவில் பச்சரிசி நூறு கிராமுக்கு 365 கலோரி, வெந்தால் 130. சத்து எங்கும் போய்விடவில்லை, தண்ணீர் ஏறியிருக்கிறது. சமையலுக்கு முந்தைய எடையையும் பிந்தைய எடையையும் கேட்காமல் சாம்பாரையோ கூட்டையோ நூறு கிராமுக்கு என்று சொல்ல முடியாது. கஞ்சி வடித்தால் போவது வேறு, குக்கரில் வைத்தால் நிற்பது வேறு. கிராம் தெரியாமல் 'ஒரு கப்' என்று வந்தாலும் இதே கதைதான். அமெரிக்கத் தரவில் ஒரு கப் வெந்த நீள அரிசி 158 கிராம். அது அவர்கள் கப். நம் வீட்டு டம்ளருக்கும் கரண்டிக்கும் அது பொருந்தாது. டூல் ஒரு கப்பைத் தானாகக் கிராமாக்கினால், ஆக்கியதைப் பதிலில் சொல்லட்டும்.

இந்திய உணவுக்கு 2017 அட்டவணைதான் அடிப்படை. 528 உணவுகளை நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரி எடுத்து அளந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பெயர்களும் உண்டு, மேலே சொன்ன பெயர் அட்டவணைக்கு அதுவே நல்ல தொடக்கம். சராசரிக்குப் பக்கத்திலேயே எவ்வளவு ஏறி இறங்கும் என்றும் போட்டிருக்கிறார்கள். அந்த ஏற்ற இறக்கத்தையும் டூல் தரட்டும். அதை வெளியிட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்த இடம் நம் நீலகிரி என்பது பலருக்குத் தெரியாது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியது. அங்கிருந்துதான் 1937-இல் அதன் அப்போதைய இயக்குநர் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. இன்று நாம் ஒரு வரிக் கோடில் எடுக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கீரையை உலர்த்தி, எரித்து, சாம்பலை எடை போட்டிருக்கிறார். அதனால்தான் எண்ணை விலாசத்தோடு கொடுக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தரவு பொதுவுடைமை, எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இந்திய அட்டவணை அப்படி இல்லை, ஆப்பாக வெளியிடுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதி அனுமதி கேளுங்கள். பிரான்ஸில் 2012-இல் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் பார்கோடு வைத்துத் தேட நல்லது, ஆனால் தன்னார்வலர்கள் நிரப்பியது. அதோடு உங்கள் தரவைச் சேர்த்து வெளியிட்டால் அந்தத் தொகுப்பையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும்.

ஏபிஐ சாவி இலவசம், மணிக்கு 1,000 அழைப்பு. சாவி இல்லாமல் டெமோ சாவியில் மணிக்கு 30தான். ஏஜென்ட் ஒரு கேள்விக்கே பத்து முறை கூப்பிடும் என்பதால் அது சோதனைக்குக்கூடப் போதாது. என் யோசனை, எஸ்ஆர் லெகசியையும் ஃபவுண்டேஷனையும் முழுதாக இறக்கி ஓர் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் வைத்துக்கொள்வது. சிறிய தொகுப்புகள்தான். பிராண்டடுக்கு மட்டும் ஏபிஐக்குப் போகலாம். பதிவைப் புதுப்பிக்கும்போது அடையாள எண் மாறுவதுண்டு, அதனால் எண்ணோடு வெளியான தேதியையும் சேர்த்து வையுங்கள்.

கடைசியாகச் சோதனை. ஐம்பது கேள்விகளைக் கையால் எழுதி, சரியான விடையை அட்டவணையிலிருந்து நீங்களே எடுத்து வையுங்கள். மாடல் சொன்ன எண்ணை மட்டும் ஒப்பிடாமல், எந்தப் பதிவைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் ஒப்பிடுங்கள். தப்பான பதிவிலிருந்தும் சில நேரம் சரியான எண் தற்செயலாக வந்துவிடும். ஐம்பதில் குறைந்தது பத்து, பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும், "ஒரு தட்டு சாப்பாட்டில் எவ்வளவு உப்பு" என்பது போல. அங்கே ஏஜென்ட் திருப்பிக் கேட்டால்தான் தேறியதாகக் கணக்கு. என் சோதனைப் பட்டியலில் முதல் கேள்வி கேழ்வரகு மாவு, இரண்டாவது உளுந்து. மூன்றாவது அந்த இளநீர் பாக்கெட். இப்போது அதற்கு வரும் பதில்: "இந்த லேபிளில் பொட்டாசியம் விவரம் இல்லை. சாதாரண இளநீரில் நூறு கிராமுக்கு 250 மில்லிகிராம் இருக்கும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் குடிப்பதற்கு முன் உங்கள் டயட்டீஷியனைக் கேளுங்கள்."